பின்னால் இருந்து தள்ளும் பாரம்
அன்னூர் முதல் தாளவாடி வரை ஒரு சாலையும், அதில் ஓடும் டிரெய்லர்களும்

கோயம்புத்தூரிலிருந்து அன்னூர், புளியம்பட்டி, சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம் வழியாகக் கர்நாடகம் போகிற சாலைக்கு இப்போது தேசிய நெடுஞ்சாலை 948 என்று பெயர். பழைய ஆட்களுக்கு அது இன்றும் 209தான். பெங்களூரு போகும் பேருந்து, தாளவாடியிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி இறங்கும் லாரி, கரும்பு லோடு, வாழைத்தார் லோடு, நடுவே உள்ளூர் டிராக்டரும் டிரெய்லரும் என்று எல்லாம் ஓடுகிற சாலை இது.

இந்தச் சாலையில் எங்கே பார்த்தாலும் ஒரு விஷயம் கண்ணில் படும். லாரிக்கு எல்லாச் சக்கரத்திலும் பிரேக் உண்டு. டிராக்டருக்குப் பின் சக்கரத்தில் பிரேக் உண்டு. ஆனால், டிராக்டருக்குப் பின்னால் கட்டிய டிரெய்லரில் பெரும்பாலும் பிரேக்கே இருக்காது. பாரம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. நிறுத்தும் வேலை மட்டும் முன்னால் இருக்கும் வண்டியின் தலையில். சமதளத்தில் இது தெரியாது. இறக்கத்தில்தான் தெரியும்.

மேடும் பள்ளமும்

கொங்கு நாடு பார்வைக்குச் சமவெளி. ஆனால், கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஈரோடு சுமார் 180 மீட்டரில் இருக்கிறது. பவானியும் நொய்யலும் அமராவதியும் கிழக்கே பார்த்து ஓடிக் காவிரியில் சேர்வது இந்தச் சரிவினால்தான். அந்த ஆறுகளில் சேருகிற ஓடைகளுக்கு இந்தப் பக்கத்தில் ‘பள்ளம்’ என்று பெயர். ஊருக்கு ஒரு பள்ளம், பள்ளத்துக்கு ஒரு தரைப்பாலம். கிராமத்துச் சாலை மேட்டிலிருந்து சரசரவென்று இறங்கும்; தரைப்பாலத்தில் குறுகும்; எதிர்ப்பக்கம் மறுபடி ஏறும். வாய்க்கால் கரையைத் தாண்டும் பாதைகளும் இப்படித்தான்.

திம்பம் மலையைப் பார்த்துப் பயப்படுகிற ஆள்கூட இந்தப் பள்ளத்து இறக்கத்தைப் பார்த்துப் பயப்படுவதில்லை. தினம் போய் வருகிற பாதை என்பதால் மனசு அசந்துவிடும். டிரெய்லர் தள்ளிக்கொண்டு போய் கவிழ்வதற்கு மலை வேண்டியதில்லை. பாரம் ஏற்றிய வண்டியை நியூட்ரலில் விட்டு இறங்கினால் 200 அடி இறக்கமே போதும்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். டிராக்டரின் எடை 2 டன். பின்னால் டிரெய்லரும் லோடும் சேர்ந்து 6 டன். மொத்தம் 8 டன். இவ்வளவையும் நிறுத்தப்போவது டிராக்டரின் இரண்டு பின் சக்கரங்கள் மட்டும். பெடலை மிதிக்கிறபோது டிராக்டர் வேகம் குறைகிறது; டிரெய்லருக்கு அது தெரியாது. அது வந்த வேகத்திலேயே வந்து டிராக்டரின் முதுகில் முட்டுகிறது. சாலை நேராக இருந்தால் தள்ளிக்கொண்டு போகும். வளைவில் மிதித்தால் டிராக்டரின் பின்பக்கத்தை ஒரு பக்கமாகத் தள்ளி, கதவின் கீல் மடங்குவது போல இரண்டு வண்டியும் மடங்கும். அதனால்தான் வளைவுக்கு முன்பே, சாலை நேராக இருக்கும் இடத்திலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள்.

வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிற வண்டி 40 கிலோமீட்டரில் போனால், நிறுத்த வேண்டிய சக்தி இரண்டு மடங்கு ஆவதில்லை; நான்கு மடங்கு ஆகிறது.

மாட்டு வண்டிக்கு இருந்த பிரேக்

புளியம்பட்டியில் வியாழக்கிழமை கூடும் மாட்டுச் சந்தை கொங்கு நாடு முழுக்கப் பிரபலம். லாரியும் டெம்போவும் வருவதற்கு முன்னால் சுற்றுவட்டாரப் பாரமெல்லாம் மாட்டு வண்டியில்தான் நகர்ந்தது. அந்தப் பழைய வண்டிகள் பலவற்றில் சக்கரத்தின் இரும்புப் பட்டையில் அழுந்துகிற மாதிரி ஒரு மரக்கட்டை இருக்கும். இறக்கம் வந்தால் வண்டிக்காரர் கயிற்றை இழுத்துக் கட்டுவார். கட்டை சக்கரத்தைப் பிடிக்கும். பாரம் மாட்டின் கழுத்தில் ஏறாது.

அந்தக் கட்டை சொல்லும் விதி எளிது: பாரம் எதில் இருக்கிறதோ, பிரேக்கும் அதில் இருக்க வேண்டும். மாடு போய் டிராக்டர் வந்தது. வண்டி போய் டிரெய்லர் வந்தது. பாரம் பல மடங்கு கூடியது. கட்டையை மட்டும் வழியில் எங்கேயோ விட்டுவிட்டோம்.

ஐரோப்பிய நாடுகளில் கார் இழுத்துப் போகும் டிரெய்லராக இருந்தால்கூட, மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினால் அதற்குத் தனி பிரேக் கட்டாயம். அங்கே ஏரிக்கும் கடலுக்கும் படகை இழுத்துப் போகிறவர்கள் அதிகம். படகு டிரெய்லர்களில் பெரும்பாலும் இருப்பது ‘ஓவர் ரன்’ பிரேக். முன்னால் போகும் வண்டி வேகம் குறைத்ததும், டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும் இல்லையா? அந்தத் தள்ளுதலே கொக்கிப் பகுதியில் இருக்கும் ஒரு தண்டை உள்ளே அழுத்துகிறது. தண்டு டிரெய்லர் சக்கரத்தின் பிரேக்கைப் பிடிக்க வைக்கிறது. எவ்வளவு பலமாகத் தள்ளுகிறதோ அவ்வளவு பலமாகப் பிடிக்கும். இழுக்கும் வண்டியிலிருந்து குழாயோ வயரோ தேவையில்லை. ரிவர்ஸ் எடுக்கும்போதும் தண்டு அழுந்திப் பிரேக் பிடித்துக்கொள்ளும் என்பதால், அதைத் தடுக்க ஒரு பூட்டு இருக்கும்.

டிராக்டர் டிரெய்லருக்கு இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, டிராக்டரின் ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் பிரேக். மற்றொன்று, லாரியைப் போல ஏர் பிரேக். இதற்கு டிராக்டரில் கம்ப்ரசர் இருக்க வேண்டும். எந்த வகையாக இருந்தாலும், டிராக்டர் பிடிப்பதற்கு ஒரு நொடி முன்னாலோ அதோடு சேர்ந்தோ டிரெய்லர் பிடிக்க வேண்டும். டிரெய்லர் பின்னால் இழுத்துப் பிடித்தால் இரண்டு வண்டியும் ஒரே நேர்கோட்டில் நிற்கும்.

பட்டறையில் பார்க்க வேண்டியவை

அன்னூரிலிருந்து சத்தியமங்கலம் வரைக்கும் சாலையோரத்தில் வெல்டிங் பட்டறைகளுக்கும் டிராக்டர் மெக்கானிக் கடைகளுக்கும் பஞ்சமில்லை. கரும்பு வெட்டுக்கு முன்னால் அங்கே ஒரு அரை நாள் செலவழித்தால் பல பிரச்னைகள் தீரும்.

முதலில் பார்க்க வேண்டியது டிராக்டரின் இரண்டு பிரேக் பெடல்கள். வயலில் ஒடித்துத் திருப்புவதற்காக இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பூட்ட ஒரு கொக்கி இருக்கும். வயலில் உழுதுவிட்டு அந்தக் கொக்கியைப் போடாமல் சாலைக்கு வந்தால், அவசரத்தில் கால் ஒரு பெடலில் மட்டும் விழும்; ஒரு சக்கரம் மட்டும் பிடிக்கும்; டிராக்டர் அந்தப் பக்கம் சுழன்று கவிழும். வரப்பைத் தாண்டிச் சாலையில் ஏறுவதற்கு முன் இந்தக் கொக்கியைப் போடுவது பழக்கமாகிவிட வேண்டும். கொக்கி உடைந்திருந்தால் டிரெய்லரையே மாட்டக் கூடாது.

கொக்கி போட்டால் மட்டும் போதாது. இரண்டு பக்கமும் ஒரே அளவு பிடிக்க வேண்டும். காலி மண் தரையில் மெதுவாக ஓட்டிப் பிரேக்கை மிதித்து, இறங்கிச் சக்கரத் தடத்தைப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் ஒரே நீளத்துக்குத் தேய்த்திருந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் தேய்த்திருந்தால் மெக்கானிக்கிடம் காட்டிச் சரி செய்துகொள்ள வேண்டும்.

அடுத்தது ஹிட்ச் பின். அது தொலைந்துபோனால் கையில் கிடைத்த கம்பியையோ போல்ட்டையோ சொருகிக்கொண்டு போவது நம் ஊர்ப் பழக்கம். பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது அந்தக் கம்பி மேலே எழும்பிக் கழன்றுவிடும். சரியான கனத்தில் பின், அதன் அடியில் கிளிப், கூடவே டிராக்டரையும் டிரெய்லரையும் இணைக்கும் ஒரு சங்கிலி. இந்த மூன்றும் இருந்தால் பின் போனாலும் டிரெய்லர் தனியாக ஓடிவிடாது.

மூன்றாவது, சக்கரத்தின் ஹப். படகு டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் தீராத தொல்லை. ஓடி வந்த சூட்டோடு டிரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். சூடான ஹப் சட்டென்று குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். தேய்ந்த ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். கிரீஸ் கெடும், பேரிங் துருப்பிடிக்கும், நெடுஞ்சாலை நடுவில் சக்கரம் இறுகும். நம் டிரெய்லரும் ஓடைக்குள்ளும் சேற்று வயலுக்குள்ளும் இறங்குகிற வண்டிதான். ஹப்பைத் திறக்கும்போது கிரீஸ் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். பேரிங்கைக் கழுவி, சீலை மாற்றி, புது கிரீஸ் வைக்க வேண்டும். பிரேக் டிரம் இருக்கும் டிரெய்லராக இருந்தால், தண்ணீரிலிருந்து ஏறியதும் லேசாகப் பிரேக்கை அழுத்திக்கொண்டே கொஞ்ச தூரம் ஓட்டி லைனரைக் காயவிட வேண்டும்.

பாரம் ஏற்றும் முறையும் பிரேக்கோடு சேர்ந்ததுதான். இரண்டு சக்கர டிரெய்லரில் பின்பக்கம் கனம் கூடினால், அது டிராக்டரின் பின்பக்கத்தை மேலே தூக்கும். பிரேக் இருக்கும் சக்கரமே தரையை விட்டுத் தூக்கினால் எதை மிதித்து என்ன பயன்? கனம் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும்.

27 வளைவுகள்

சத்தியமங்கலத்தில் பவானி ஆற்றைத் தாண்டினால் மல்லிகைத் தோட்டங்களும் வாழையும் கரும்பும். அதைக் கடந்தால் பண்ணாரி மாரியம்மன் கோயில், சோதனைச் சாவடி, அதன் பிறகு காடு. 2013-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் வனப்பகுதி இது. இங்கிருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள்.

வன விலங்குகள் அடிபடுவதைத் தடுக்க, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரி 10 முதல் இந்தச் சாலையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. காய்கறி லோடு ஏற்றி வருகிறவர்களுக்கு இது ஒரு நெருக்கடிதான். சாவடி மூடுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்கிற அவசரம் வரும். மலை இறக்கத்தில் அவசரத்தைப் போல ஆபத்து வேறில்லை. நேரம் இல்லையென்றால் மேலேயே தங்கி, காலையில் இறங்குவதுதான் முறை. ஒரு ராத்திரியில் தக்காளி கொஞ்சம் வாடலாம், உயிர் மிஞ்சும்.

இறக்கத்தில் பிரேக் ஏன் கைவிடுகிறது? பிரேக் என்பது வண்டியின் ஓட்டத்தைச் சூடாக மாற்றுகிற கருவி. 10 டன் வண்டி 100 மீட்டர் உயரம் பிரேக்கிலேயே இறங்கினால் பிறக்கும் சூடு, 30 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. திம்பத்தின் இறக்கம் அதைப்போலப் பல மடங்கு. அவ்வளவு சூடும் டிரம்மிலும் லைனரிலும்தான் இறங்குகிறது. டிரம் சூடாகி விரிய விரிய, லைனருக்கும் அதற்கும் இடைவெளி கூடும். லைனரின் பிடிப்பும் குறையும். பெடல் கெட்டியாக இருக்கும், வண்டி நிற்காது.

பிரேக் ஆயில் உள்ள வண்டியில் இன்னொரு சிக்கல் உண்டு. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிப் பழையதானால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் நீராவி, நீராவி அமுங்கும், பெடல் அடிவரை போய்விடும். வருஷக்கணக்கில் மாற்றாத ஆயிலோடு மலை ஏறக் கூடாது என்பது இதற்காகத்தான்.

“ஏறுன கியர்லயே எறங்குங்க” என்பது மலைப்பாதை ஓட்டுநர்களின் பழைய பாடம். இன்ஜின் வண்டியைப் பிடித்து வைத்திருக்கும். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வராமல், தேவைப்படும்போது அழுத்தி, விட்டு, ஆறவிட வேண்டும். டிராக்டருக்கு இந்தப் பாடம் இன்னும் முக்கியம். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கீழ் கியருக்கு வந்துவிட வேண்டும். கை ஆக்ஸிலரேட்டரைக் குறைத்துவிட வேண்டும். பாதி இறக்கத்தில் கியர் மாற்றப் பார்த்தால், நியூட்ரலுக்கு வந்த வண்டி வேகமெடுத்துவிடும். பல டிராக்டர்களில் அதன் பிறகு எந்தக் கியரும் விழாது. கிளட்சை மிதித்தாலும் அதே கதைதான். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குகிற பழக்கம், ஒரு லிட்டர் டீசலுக்கு ஒரு குடும்பத்தையே பணயம் வைப்பதாகும்.

வழியில் மக்கர் செய்தால்

பெடல் கீழே போனாலும் கியரை விடக் கூடாது. கிளட்சைத் தொடக் கூடாது. இன்ஜினை நிறுத்தக் கூடாது. பவர் ஸ்டியரிங் வண்டியில் இன்ஜின் நின்றால் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். ஆயில் பிரேக்காக இருந்தால் பெடலை வேகமாக நாலைந்து முறை மிதித்துப் பார்க்கலாம். கை பிரேக்கைச் சட்டென்று இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போடலாம். ஹாரனை விடாமல் அடித்து, மேட்டுப்பக்கம், மண் மேடு, உழுத வயல் என்று வண்டியை வாங்கிக்கொள்ளும் இடத்தை நோக்கி, ஒடிக்காமல் சாய்வாக ஓட்ட வேண்டும். பள்ளத்தாக்குப் பக்கத்தைவிட மலைச் சுவர்ப் பக்கம் உரசுவது மேல்.

சக்கரத்திலிருந்து கருகிய வாடையோ புகையோ வந்தால், பிரேக் போவதற்கு முன் வருகிற எச்சரிக்கை அது. அகலமான இடத்தில் நிறுத்தி, தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூடான டிரம்மில் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடும். எல்லாச் சக்கரத்துக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தால், ஒன்று மட்டும் அதிகச் சூடாக இருந்தால் அங்கே பேரிங்கோ பிரேக்கோ இறுகியிருக்கிறது என்று தெரியும்.

நின்ற வண்டிக்குக் கட்டை போடுவது அடுத்த வேலை. டிராக்டருக்கு மட்டுமில்லாமல் டிரெய்லர் சக்கரத்துக்கும் போட வேண்டும். இரண்டு ஆப்புக் கட்டைகளைச் செய்து டிரெய்லரிலேயே கட்டி வைத்துக்கொள்வது நல்லது. கட்டை இல்லாமல் கல்லை வைத்தவர்கள், கிளம்பும்போது அந்தக் கல்லைச் சாலையிலேயே விட்டுப் போவது பெரிய பாவம். இருட்டில் டூவீலரில் வருகிறவருக்கு அந்தக் கல் எமன்.

நின்ற டிரெய்லரே சில நேரம் எமனாகிவிடுகிறது. டிரெய்லருக்கு விளக்கு வயர் இருக்கிறதா, பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை ரிஃப்ளெக்டர் பட்டைகள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கரும்புத் தோகை தொங்கி அவற்றை மறைக்கக் கூடாது. பழுதாகி நின்றால், பின்னால் வருகிறவருக்கு வளைவுக்கு முன்பே தெரிகிற தூரத்தில் முக்கோணப் பலகையோ பச்சைக் கிளையோ வைக்க வேண்டும்.

காட்டுக்குள் நின்றால் வண்டியை விட்டு விலகி நடக்கக் கூடாது. ஆசனூரை அடுத்த காரப்பள்ளம் பகுதியில் யானைகள் கரும்பு லாரிகளை எதிர்பார்த்துச் சாலையோரம் நிற்பது வாடிக்கையாகிவிட்டது. வாசனை பழகிய யானைக்கு லாரியும் ஒன்றுதான், டிரெய்லரும் ஒன்றுதான். கரும்பை எடுத்துப் போடுவதும் கூடாது; அது அடுத்து வருகிற வண்டிக்கு ஆபத்து.

மேலே தாளவாடி

திம்பத்தைத் தாண்டி ஆசனூர் வழியாகப் போனால் தாளவாடி. ஈரோடு மாவட்டம்தான், ஆனால், நிலம் மைசூர்ப் பீடபூமியின் தொடர்ச்சி. தமிழும் கன்னடமும் கலந்து பேசும் ஊர்கள். முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, தக்காளி, வாழை, மஞ்சள், கரும்பு என்று விளைவதில் பெரும்பகுதி சந்தைக்கு வர இந்த 27 வளைவையும் இறங்கியாக வேண்டும். ஓரிடத்தில் ஒரு லாரி மக்கர் செய்து குறுக்கே நின்றால், மேலும் கீழும் மணிக்கணக்கில் எல்லாம் நிற்கும். அந்த வரிசையில் பாலும் இருக்கும், பூவும் இருக்கும், ஆம்புலன்ஸும் இருக்கும். ஒருவருடைய பிரேக் ஊருக்கே பொதுவான சொத்து என்பது அப்போதுதான் தெரியும். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. தன் வண்டியை நிறுத்த முடிகிறவரால்தான் அந்த வழியையும் விட முடியும்.

பங்குனியில் பண்ணாரி குண்டம் வரும். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஜனம் திரண்டு வரும். களையெடுக்கவும் கரும்பு வெட்டவும் பெண்களை டிரெய்லரில் ஏற்றிப் போகிற பழக்கம் திருவிழாவுக்கும் நீளும். டிரெய்லர் சரக்குக்கான வண்டி. ஆள் ஏற்றச் சட்டத்தில் இடமில்லை. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் இழப்பீட்டுக்கும் அலைய வேண்டிவரும். உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. டிரெய்லர் மடங்கினால் முதலில் கவிழ்வது அந்தப் பெட்டிதான்.

புது டிரெய்லர் செய்யக் கொடுக்கிறவர்கள் பெட்டியின் நீளத்தையும் தகட்டின் கனத்தையும் டயரையும் விசாரிக்கிறார்கள். அதோடு, “அச்சில் பிரேக் டிரம் உண்டா? எந்த வகைப் பிரேக்? லைனர் உள்ளூரில் கிடைக்குமா?” என்று மூன்று கேள்விகளையும் கேட்டால், பட்டறைக்காரர்களும் அதற்குத் தகுந்த மாதிரி செய்யத் தொடங்குவார்கள். ஏற்கெனவே டிரெய்லர் வைத்திருப்பவர்கள் அச்சை மாற்ற முடியாவிட்டாலும் பெடல் கொக்கி, பின், சங்கிலி, ஆப்புக் கட்டை, ரிஃப்ளெக்டர் ஆகிய ஐந்தையும் இந்த வாரமே சரி பார்த்துவிடலாம். அதற்குப் பெரிய செலவு ஆகாது.